ஆங்கிலிக்கன் பேராலயம், கத்தோலிக்கப் பேராலயம்: எது பழையது, எது எந்தப் பாணி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் பேராலயங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

பேராலயம் என்றால் பெரிய சர்ச், அவ்வளவுதானே?

இல்லை. ஒரு மறைமாவட்டத்தின் (ஒரு பிஷப்பின் பொறுப்பில் உள்ள பகுதி) பிஷப்புக்கு உரிய இருக்கை எந்த ஆலயத்தில் இருக்கிறதோ, அதுதான் பேராலயம். அளவைப் பற்றிய பேச்சே கிடையாது. லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் அபே எவ்வளவு பிரம்மாண்டம்! ஆனால் அது பேராலயம் அல்ல, அரசரின் நேரடிப் பொறுப்பில் உள்ள ஆலயம். 1540 முதல் 1556 வரை மட்டும் அது பேராலயமாக இருந்தது. மறுபக்கம், டெர்பியிலும் செம்ஸ்ஃபோர்டிலும் இருப்பவை பங்குக் கோவிலாக இருந்து 20-ஆம் நூற்றாண்டில் பதவி உயர்வு பெற்றவை.

ஆகவே கட்டிடத்தின் வயது வேறு, அது பேராலயமான தேதி வேறு. பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதால்தான் வருகிறது.

பழைய பேராலயம் எல்லாம் ஆங்கிலிக்கன் கையில்தான் இருக்கு. அந்தக் காலத்தில் கத்தோலிக்கர்கள் எதுவுமே கட்டவில்லையா?

கட்டியதே அவர்கள்தான். டர்ஹம் 1093-இல் தொடங்கியது, நாரிச் 1096-இல், சாலிஸ்பரி 1220-இல். அப்போது ஆங்கிலிக்கன் சபை, அதாவது ரோமிலிருந்து பிரிந்த இங்கிலாந்துத் திருச்சபை, என்று ஒன்று கிடையாது. இங்கிலாந்தின் பிஷப்புகள் எல்லோரும் ரோமின் கீழ் இருந்தார்கள். 1534-இல் எட்டாம் ஹென்றி தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராகச் சட்டம் போட்டு அறிவித்தார். கட்டிடம் நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளே இருந்த நிர்வாகம் ரோமை விட்டு அரசர் பக்கம் போனது.

அப்புறம் 1536 முதல் 1540 வரை துறவற மடங்களை மூடினார்கள். பல மடங்களின் ஆலயங்கள் இடிந்து கல்குவாரியாகிவிட்டன. சில தப்பின. குளோஸ்டர், பீட்டர்பரோ, செஸ்டர் ஆகிய மட ஆலயங்களை 1541-இல் புதிய மறைமாவட்டங்களின் பேராலயங்களாக்கினார்கள். குளோஸ்டரின் உள்மண்டபத்துத் தடித்த தூண்கள் 11-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை. ஆனால் 'பேராலயம்' என்ற பெயர் 1541-லிருந்துதான்.

அப்போ கேன்டர்பரியை 'ஆங்கிலிக்கன் கட்டிடக்கலை' என்று சொல்வது தப்புதானே?

கட்டிய விதத்தைப் பார்த்தால் தப்புதான். திருப்பலிக்காகவும், துறவிகளின் ஜெபத்துக்காகவும், புனிதர் கல்லறைக்கு வரும் யாத்திரிகர்களுக்காகவும் கட்டியது அது. 1170-இல் பேராயர் தாமஸ் பெக்கெட் அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 1174-இல் பாடற்குழுப் பகுதி தீயில் எரிந்தது. மீண்டும் கட்டும்போது கிழக்குக் கோடியை நீட்டி, பெக்கெட்டின் கல்லறைக்காகவே உயரமான ஒரு சிற்றாலயம் சேர்த்தார்கள். 1538-இல் ஹென்றியின் ஆட்கள் அந்தக் கல்லறையை உடைத்து எடுத்துவிட்டார்கள். அங்கே ஏறும் கற்படிகள் யாத்திரிகர்களின் காலும் முழங்காலும் பட்டுக் குழிந்து கிடக்கின்றன. மேலே போனால் வெறும் தரை.

ஆங்கிலிக்கன் தடம் என்று சொல்வதானால், அது பெரும்பாலும் எடுத்ததிலும் மாற்றியதிலும்தான் தெரியும். ஈலி பேராலயத்தின் மாதா சிற்றாலயம் நல்ல உதாரணம். சுவர் முழுக்கச் சிறுசிறு சிற்பங்கள், கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் தலை இல்லை. ஒரு காலத்தில் வண்ணம் பூசி, வண்ணக் கண்ணாடி போட்டிருந்த இடம். இன்று வெளிறிய கல்லும் நிறமற்ற வெளிச்சமும்தான். அந்த வெறுமையை அழகு என்று ரசிப்பவர்கள் நிறையப் பேர், நானும் ரசிப்பேன். ஆனால் கட்டியவர்கள் நினைத்த அழகு அதுவல்ல.

கேன்டர்பரிக்கு உண்மையில் வயசு எவ்வளவு? ஓரிடத்தில் 597, இன்னோரிடத்தில் 1070, வேறோரிடத்தில் 1400 என்று இருக்கே?

மூன்றுமே சரி. 597 என்பது ரோமிலிருந்து அகஸ்டின் வந்து சேர்ந்த வருஷம். அவர் காலத்துக் கட்டிடம் இன்று தரைக்கு மேல் இல்லை. 1070-இல் நார்மன் பேராயர் லான்ஃபிராங்க் முழுதாக மாற்றிக் கட்டத் தொடங்கினார். நிலவறை சுமார் 1100-ஐச் சேர்ந்தது. பாடற்குழுப் பகுதி 1174-க்கும் 1184-க்கும் இடையில் எழுந்தது. அதைத் தொடங்கிய பிரெஞ்சுக் கொத்தனார் சான்ஸ் ஊர் வில்லியம் சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட, இன்னொரு வில்லியம் முடித்துக் கொடுத்தார். நீண்ட உள்மண்டபம் 1400 வாக்கில் முடிந்தது. நடுக்கோபுரம் 1490-களில்.

இதில் ஒரு வேடிக்கை. முகப்பில் ஒரே மாதிரி நிற்கும் இரண்டு கோபுரங்களில் வடக்கே இருப்பது 1830-களில் கட்டியது. லான்ஃபிராங்க் காலத்து மூலக் கோபுரம் அதுவரை நின்றிருந்தது. ஜோடிக்குப் பொருந்தவில்லை என்று அதை இடித்துத் தெற்குக் கோபுரத்தின் நகலை எழுப்பினார்கள். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் விடுவார்களா?

சரி, இங்கிலாந்தின் கத்தோலிக்கப் பேராலயங்களில் எது பழையது? ஏன் எல்லாமே 1840-க்கு அப்புறமாகவே இருக்கு?

சட்டம்தான் காரணம். ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு கத்தோலிக்க வழிபாடே அங்கே குற்றம். 1791-இல்தான் பதிவு செய்த சிற்றாலயங்களை அனுமதித்தார்கள், அதுவும் கூர்கோபுரமோ மணியோ கூடாது என்ற நிபந்தனையோடு. 1829-இல் பெரும்பாலான தடைகள் நீங்கின. 1850-இல் போப் ஒன்பதாம் பயஸ் இங்கிலாந்துக்கு மீண்டும் பிஷப்புகளை நியமித்தார். பிஷப் இல்லாமல் பேராலயம் ஏது? ஆகவே 1850-க்கு முன் தேதி போட முடியாது.

கட்டிடமாகப் பார்த்தால் பர்மிங்காமின் புனித சாட் ஆலயம் 1841-இல் தயார். நாட்டிங்காம், நியூகாஸில் இரண்டும் 1844. சால்ஃபோர்டும் லண்டன் சவுத்வர்க்கும் 1848. 1850-இல் பதவி வந்தபோது இவை தயாராகக் காத்திருந்தன. இந்த ஐந்தில் சால்ஃபோர்டு தவிர மற்ற நான்கையும் வரைந்தவர் ஒரே ஆள்: அகஸ்டஸ் பியூஜின். 40 வயதில் இறந்துபோன மனுஷன், செய்த வேலையைப் பார்த்தால் தூங்கவே இல்லையோ என்று தோன்றும்.

பர்மிங்காமில் இரண்டு பேராலயமும் பார்த்தேன். கோதிக்கா இருக்கிறதுதானே பழசு?

இந்த ஊரில்தான் எல்லோரும் ஏமாறுவார்கள். கூர்வளைவு, செங்கல், இரட்டைக் கூர்கோபுரம் என்று, கோதிக் எனப்படும் இடைக்காலத் தோற்றத்தோடு நிற்கும் கத்தோலிக்கப் புனித சாட், 1841-ஐச் சேர்ந்தது. வட்ட வளைவும் குமிழ்க் கோபுரமுமாக 'நவீனமாக' தெரியும் ஆங்கிலிக்கன் புனித பிலிப்பு 1715-இல் அர்ச்சிக்கப்பட்டது, தாமஸ் ஆர்ச்சர் கட்டிய பரோக் பாணி. 126 வருஷம் மூத்தது அதுதான்.

பியூஜினுக்கு கோதிக் ஒரு ரசனை மட்டுமல்ல, கொள்கை. மதம் மாறிக் கத்தோலிக்கரானவர் அவர். சீர்திருத்தத்துக்கு, அதாவது ரோமை விட்டுப் பிரிவதற்கு, முந்தைய இங்கிலாந்தின் பாணியே உண்மையான கிறிஸ்தவப் பாணி என்று வாதாடினார். லிச்ஃபீல்டின் முதல் பிஷப்பும் 672-இல் இறந்தவருமான புனித சாடின் எலும்புகள் பல கை மாறி பியூஜின் கட்டிய இந்த ஆலயத்தின் பலிபீடத்துக்கு மேலே வந்து சேர்ந்தன. 'நாங்கள் புதிதாக முளைத்தவர்கள் அல்ல' என்பதுதான் அந்தக் கட்டிடம் சொல்ல வந்தது. அந்தத் தோற்றத்தைப் பார்த்து நீங்கள் ஏமாந்தால், ஒருவகையில் அது அவருக்கு வெற்றி. பாவம், அவர் உயிராக நினைத்த மரத்தடுப்பை மட்டும் 1967-இல் கத்தோலிக்கர்களே கழற்றிவிட்டார்கள்.

இங்கிலீஷ் பேராலயம் நீளம், பிரெஞ்சுப் பேராலயம் உயரம் என்கிறார்களே. அது ஆங்கிலிக்கன்–கத்தோலிக்க வித்தியாசமா?

இல்லவே இல்லை. இரண்டாவது பதிலை நினைத்துப் பாருங்கள்: கட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே சபை. சாலிஸ்பரியும் பிரான்சின் அமியேனும் ஒரே வருஷம், 1220-இல் தொடங்கியவை. அமியேனின் உள்கூரை சுமார் 42 மீட்டர் உயரம், சாலிஸ்பரியில் 25 மீட்டரை ஒட்டித்தான். ஆனால் சாலிஸ்பரியின் கூர்கோபுரம் 123 மீட்டர். இங்கிலாந்துக்காரர்கள் உயரத்தை உள்கூரையில் காட்டாமல், குறுக்குமண்டபம் உள்மண்டபத்தைச் சந்திக்கும் இடத்தில் ஒரு கோபுரமாக நட்டுக் காட்டினார்கள். கிழக்குக் கோடி பிரான்சில் அரைவட்டம், இங்கிலாந்தில் பெரும்பாலும் சதுரம்.

நீளத்துக்கு ஒரு காரணம் துறவிகள். கேன்டர்பரி, டர்ஹம், வின்செஸ்டர், ஈலி, நாரிச் எல்லாம் பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்திய பேராலயங்கள். அவர்களுக்கென்று தனிப் பகுதி, மக்களுக்குத் தனிப் பகுதி, கல்லறைக்குத் தனிப் பகுதி. நிலமும் ஊர் நெருக்கடி இல்லாமல் தாராளமாகக் கிடைத்தது.

ஆங்கிலிக்கன்கள் தாங்களே அடித்தளம் போட்டுக் கட்டிய பேராலயம் ஒன்றாவது உண்டா?

உண்டு. முதலில் லண்டனின் செயின்ட் பால்ஸ், 1675–1710. பழைய ஆலயம் 1666 தீயில் போனதும் கிறிஸ்டோபர் ரென் நான்கு கையும் சமமான சிலுவை வடிவில் ஒரு திட்டம் கொடுத்தார். குருமார்கள் ஒத்துக்கொள்ளவில்லை, பழைய மாதிரி நீண்ட உள்மண்டபம் வேண்டும் என்றார்கள். ஆக, கிரேக்க–ரோமானிய உடை போட்டிருந்தாலும் அதன் எலும்புக்கூடு இடைக்காலக் கத்தோலிக்கப் பேராலயத்தினுடையதுதான். வெளிச்சுவரின் மேல்பாதி வெறும் திரை. கோதிக் ஆலயங்களில் இருப்பது போன்ற பறக்கும் முட்டுகள் (சுவரை வெளியிலிருந்து தாங்கும் வளைவுகள்) அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. டோமும் அப்படியே. உள்ளிருந்து பார்ப்பது ஒன்று, வெளியிலிருந்து பார்ப்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே செங்கல் கூம்பு ஒன்று நின்று மேலே உள்ள பாரத்தைத் தாங்குகிறது.

அப்புறம் ட்ரூரோ (1880–1910), கில்ஃபோர்டு (1936–1961), லிவர்பூல் (கீழே வருகிறது). 1940 நவம்பர் 14 இரவு குண்டுவீச்சில் கோவென்ட்ரி பேராலயம் எரிந்தது. பேசில் ஸ்பென்ஸ் இடிந்த சுவர்களை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதியதைக் கட்டினார், 1962-இல் திறந்தது.

வெஸ்ட்மின்ஸ்டர் அபே, வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரல்: இரண்டும் ஒன்றா? இல்லையென்றால் இரண்டாவது ஏன் மசூதி மாதிரி இருக்கு?

ஒன்றல்ல. அபே ஆங்கிலிக்கன், முதல் பதிலில் சொன்னபடி பேராலயமே அல்ல. சற்றுத் தள்ளிச் சிவப்புச் செங்கலும் வெள்ளைக் கல்லும் பட்டை பட்டையாக நிற்பதுதான் வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரல், கத்தோலிக்கரின் தலைமைப் பேராலயம். நீங்கள் பார்த்தது பைசாந்தியப் பாணி. கான்ஸ்டான்டினோப்பிளின் ஹாகியா சோஃபியா அதன் மூதாதை. பிற்கால ஓட்டோமன் மசூதிகளும் ஹாகியா சோஃபியாவைப் பார்த்தே எழுந்தவை என்பதால் சாயல் ஒன்றாகத் தெரிகிறது.

ஏன் கோதிக் இல்லை? பக்கத்திலேயே அபே இருக்கும்போது இன்னொரு கோதிக் கட்டினால் ஒப்பிட்டே கொன்றுவிடுவார்கள் என்பது ஒன்று. பணம் இரண்டாவது. கோதிக்கில் செதுக்கு வேலையும் சுவரும் கூடவே எழ வேண்டும். பைசாந்தியத்தில் செங்கல் உடம்பை முதலில் எழுப்பிவிட்டு, பளிங்கும் மொசைக்கும் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். 1895-இல் தொடங்கி 1903-இல் வழிபாட்டுக்கு வந்துவிட்டது. மொசைக் வேலை இன்னும் முடியவில்லை. அண்ணாந்து பார்த்தால் டோம்கள் வெறும் செங்கலாகக் கருத்துக் கிடக்கின்றன. எனக்கு அந்த இருட்டுதான் அந்த ஆலயத்தின் சிறப்பு என்று தோன்றும். முழுக்கப் பொன் மொசைக் ஒட்டிவிட்டால் போய்விடும்.

லிவர்பூலில் எது பழையது? ஆங்கிலிக்கன்தானே முதலில் ஆரம்பித்தது?

முதலில் ஆரம்பித்தது ஆங்கிலிக்கன், தங்களுடையதை முதலில் முடித்தது கத்தோலிக்கம். நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் இந்த ஊரைத்தான் எடுக்க வேண்டும். இரண்டும் 20-ஆம் நூற்றாண்டு, ஒரே தெருவின் இரண்டு முனை, தெருவின் பெயர் ஹோப். ஆங்கிலிக்கன் பேராலயத்துக்கு 1904-இல் அடிக்கல் நாட்டி 1978-இல் முடித்தார்கள். மணற்கல்லில் கோதிக், 189 மீட்டர் நீளம், பிரிட்டனிலேயே நீளமான பேராலயம். 1903-இல் நடந்த போட்டியில் வென்ற கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டுக்கு அப்போது 22 வயது, அதைவிட முக்கியமாக அவர் கத்தோலிக்கர். பிரிட்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் அவர் வரைந்ததே.

கத்தோலிக்கர்கள் 1930-களில் எட்வின் லட்யன்ஸை அழைத்து, ரோமின் புனித பேதுரு ஆலயத்தையும் மிஞ்சும் டோமோடு ஒரு திட்டம் போட்டார்கள். நிலவறை எழுந்தது, போர் வந்தது, செலவு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. சுருக்கிக் கொடுக்கச் சொல்லி 1950-களில் யாரிடம் போனார்கள் தெரியுமா? கைல்ஸின் தம்பி ஏட்ரியன் ஸ்காட்டிடம். அதுவும் நடக்கவில்லை. கடைசியில் போட்டி வைத்து ஃபிரெடரிக் கிபர்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1962 முதல் 1967 வரை, ஐந்தே வருஷத்தில் வட்டமான கான்கிரீட் கூடாரம் தயார். நடுவில் பலிபீடம், சுற்றிலும் மக்கள், உச்சியில் வண்ணக் கண்ணாடிக் கூடு. அந்தக் கண்ணாடியைச் செய்த ஜான் பைப்பரும் பேட்ரிக் ரெய்ன்டியன்ஸும்தான் ஆங்கிலிக்கன் கோவென்ட்ரியின் ஞானஸ்நானச் சாளரத்தையும் செய்தவர்கள். அவசரத்தின் விலையும் உண்டு: கூரை ஒழுகத் தொடங்கி, பின்னாளில் பெரிய அளவில் பழுதுபார்த்தார்கள்.

பழமை விரும்பிகள் கத்தோலிக்கர்கள், புதுமை விரும்பிகள் ஆங்கிலிக்கன்கள் என்று மனதில் ஒரு படம் இருந்தால், இந்தத் தெருவில் நடந்தால் அது தலைகீழாகிவிடும்.

உள்ளே போனதும் எந்தச் சபை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாசலில் தீர்த்தத் தொட்டி, சுவரைச் சுற்றிப் பதினான்கு சிலுவைப்பாதை நிலைகள், பாவசங்கீர்த்தன அறைகள், நற்கருணைப் பேழையின் பக்கத்தில் அணையாத விளக்கு: இவையெல்லாம் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் கத்தோலிக்கம். நைந்துபோன ராணுவப் படைப்பிரிவுக் கொடிகள், தளபதிகளின் பளிங்கு நினைவுச் சின்னங்கள், எதிரெதிராக இரண்டு வரிசைப் பாடகர் இருக்கைகள், சாயங்காலப் பாடல் வழிபாட்டு அறிவிப்பு என்றால் ஆங்கிலிக்கன். ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தூபமும் விளக்கும் விரும்பும் ஆங்கிலிக்கன்கள் உண்டு, அவர்களுடைய சில ஆலயங்களில் நற்கருணைப் பேழையும் உண்டு. கட்டிடப் பாணியை வைத்து மட்டும் கண்டுபிடிக்கவே முடியாது. பர்மிங்காம் கதையை மறுபடி பாருங்கள்.

ஒரே ஊரில் கத்தோலிக்கப் பேராலயம் ஆங்கிலிக்கனைவிட மூத்ததாக இருக்க வாய்ப்பே இல்லையா?

கட்டிடமா, பதவியா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பதவி என்றால் பல ஊர்களில் கத்தோலிக்கம்தான் மூத்தது. பர்மிங்காமில் கத்தோலிக்கர் 1850, ஆங்கிலிக்கன் 1905. நியூகாஸிலில் 1850, 1882. போர்ட்ஸ்மத்தில் 1882, 1927. தொழிற்புரட்சியில் பெருத்த ஊர்களுக்கு ஆங்கிலிக்கன் சபை மெதுவாகத்தான் பிஷப் கொடுத்தது. கொடுத்தபோது அங்கிருந்த பழைய பங்குக் கோவிலையே பேராலயமாக்கியது. அதனால்தான் போர்ட்ஸ்மத்தில் 12-ஆம் நூற்றாண்டுச் சுவர்கள் உள்ள கட்டிடம் 1927-இல் 'புதிய' பேராலயமானது.

இதில் சட்டமும் விளையாடியது. ஆங்கிலிக்கன் பிஷப் இருக்கும் ஊரின் பெயரைக் கத்தோலிக்க பிஷப் பட்டமாகப் போடக் கூடாது என்று 1829 சட்டம் தடுத்தது. அதனால் லண்டன் என்று போடாமல் வெஸ்ட்மின்ஸ்டர், மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டு, இப்படிப் பக்கத்துப் பெயர்கள்.

அயர்லாந்திலும் இதே கதைதானா? அங்கே கத்தோலிக்கர்கள்தானே அதிகம்?

அதிகம்தான், ஆனாலும் இதே கதை. டப்ளினின் இரண்டு இடைக்காலப் பேராலயங்களான கிறைஸ்ட் சர்ச்சும் புனித பேட்ரிக்கும் ஆங்கிலிக்கன் சபைகளின் உலகக் கூட்டமைப்பைச் சேர்ந்த அயர்லாந்துச் சபையிடம் உள்ளன. அர்மாவில் எதிரெதிர்க் குன்றுகளில் இரண்டு பேராலயம், இரண்டுக்கும் பெயர் புனித பேட்ரிக். கத்தோலிக்கருடையது 1840-இல் தொடங்கி, பெரும்பஞ்சத்தில் நின்று, 1904-இல் அர்ச்சிக்கப்பட்டது.

கத்தோலிக்கர்கள் பழையதைத் திருப்பிக் கேட்கவில்லையா?

ஒருமுறை திரும்பக் கிடைத்தே விட்டது. மேரி அரசி ஆண்ட 1553–1558 காலத்தில் இந்தப் பேராலயங்கள் மீண்டும் ரோமின் கீழ் வந்தன. கேன்டர்பரியின் கடைசிக் கத்தோலிக்கப் பேராயர் ரெஜினால்டு போல், அரசி இறந்த அதே நாளில், 1558 நவம்பர் 17-இல் இறந்தார். அவர் கல்லறை கேன்டர்பரியிலேயே இருக்கிறது. அடுத்து வந்த எலிசபெத் மறுபடி மாற்றினார்.

1850-இல் போப் செய்தது பழைய மறைமாவட்டங்களை உயிர்ப்பிப்பது அல்ல. 13 மறைமாவட்டங்களைப் புதிதாக உருவாக்கினார். புதிய மறைமாவட்டத்துக்குப் புதிய ஆலயம், அதற்கான பணத்தைத் திரட்டுவதே அன்றைய கத்தோலிக்கர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. நாரிச்சிலும் அருண்டலிலும் பிற்பாடு பேராலயங்களான ஆலயங்களை நார்ஃபோக் பிரபு ஒருவரே தன் செலவில் கட்டிக் கொடுத்தார். 1982 மே 29-இல் போப் இரண்டாம் ஜான் பால் கேன்டர்பரிக்கு வந்து, ஆங்கிலிக்கன் பேராயர் ராபர்ட் ரன்சியோடு சேர்ந்து பெக்கெட் கொலையுண்ட இடத்தில் மண்டியிட்டு ஜெபித்தார். கட்டிடம் யாருடையது என்ற பேச்சு அன்று எழவில்லை.